பன்னிரண்டு குச்சி அகலம்

செய்தது முழுக்க நீதான். வேறு யாரையும் கை காட்ட வழியில்லை. மூன்று வருஷம் எனக்குச் சோறு போட்டுவிட்டு உன் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்த் தின்றாயே, வாய் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வருகிறது என்று ஒரு வார்த்தை சொன்னாயா, இது பச்சைத் துரோகம் இல்லாமல் வேறென்ன என்று திருமூர்த்தி மனசுக்குள்ளேயே கத்தினார். வெளியே கத்த முடியாது. கோயமுத்தூரில் அந்தப் பல் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், சாய்த்துப் போட்ட நீல நாற்காலியில் அவர் மனைவி படுத்திருந்தாள். அவள் இடுப்புக்கு நேராக ஒரு முக்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்திருந்தாள் டாக்டர் மெர்லின். மகள் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, ஆனால் பேச்சில் ஒரு அதட்டல். "ஐயா, நீங்க பக்கத்துல இருந்தா அம்மாவுக்குத் தைரியம். ஆனா நடுவுல ஒரு வார்த்தை பேசினீங்கன்னா வெளிய அனுப்பிருவேன், சரியா?" பொள்ளாச்சிச் சந்தையில் முப்பது வருஷமாக மாட்டுத் தரகு செய்கிறவரிடம், எதிராளியின் குரல் ஏறுவதற்கு முன்னால் தன் குரலை ஏற்றியே பிழைத்தவரிடம் போட்ட நிபந்தனை. சரிங்க என்று தலையாட்டிவிட்டார். இப்போது தொண்டையில் ஒரு கூடைப் பேச்சு அடைத்துக்கொண்டு நிற்கிறது. அறை முழுக்க இலவங்க வாசனை. ஏசி காற்று நேராக அவள் கைமேலேயே வந்து விழுகிறது, குளிர் பட்டால் அவள் விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போகும் என்று இவர்களுக்குத் தெரியாதா, தெரியும், டாக்டரம்மாவுக்குத் தெரியும், அந்த நர்ஸ் பெண்ணுக்குத்தான் தெரியாது. திருமூர்த்தி தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளுடைய இரண்டு கையையும் மூடினார். மூடிய துண்டுக்குள் தன் வலது கையை விட்டு அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டார். கட்டை மாதிரி இருந்தது கை. கட்டைதான், ஆனால் என் கட்டை என்று நினைத்தார், அந்த நினைப்புக்கே கோபம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

முதலில் தோல்தான் ஏமாற்றியது. அதைச் சொன்னால் சந்தையில் ஒரு பயல் மதிக்கமாட்டான். மாட்டின் தோலைப் பார்த்து வயசு சொல்கிறவனை அவர் வாழ்நாள் பூராவும் கேலி செய்திருக்கிறார். எண்ணெய் தடவிக் கழுவிக் கொண்டுவந்தால் கிழட்டுக் காளையும் மினுமினுக்கும், தோல் பொய் சொல்லும், வாய் சொல்லாது. மூக்கணாங்கயிற்றை ஒரு கையில் பிடித்து, மறு கையின் கட்டைவிரலைக் கடைவாயோரம் கொடுத்து, கீழ் உதட்டை மடக்கிக் காட்டினால் முடிந்தது, ரெண்டு பல்லா, நாலு பல்லா, பல் சேர்ந்து வருஷம் பத்தாச்சா, ஒரு நொடி போதும். வாரத்துக்கு எத்தனை வாய், செவ்வாய்க்கிழமை ஒரு நூறு, வியாழக்கிழமை ஒரு நூறு. வியாழக்கிழமை என்றதும் நினைப்பு எங்கேயோ இடறியது, அவர் அதைத் தாண்டிப் போனார். நூறு நூறாக வாயைத் திறந்து பார்த்த மனுஷன் வீட்டில் ஒரு வாயைப் பார்க்கவில்லை. அவள் முகத்தில் சுருக்கம் குறைந்துகொண்டு வந்தது. நெற்றி வழவழப்பானது. கன்னத்துக் கோடுகள் காணாமல் போயின. கல்யாண வீடுகளில் பெண்கள் கூடிக்கூடிக் கேட்டார்கள், அக்கா நீங்க மூஞ்சிக்கு என்ன பூசறீங்க என்று. இவர் அதைக் கேட்டுப் பூரித்துப்போனார். பாலக்காட்டிலிருந்து வரும் வியாபாரி அனீபா வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டு, "மூர்த்தியண்ணா, உங்களுக்கு மட்டும் வயசாகுது, அண்ணிக்கு ஆகலையே, என்ன கதை?" என்றபோது, "நான் வச்சுக் காப்பாத்தற லட்சணம் அப்படி" என்று மீசையைத் தடவிக்கொண்டார். அவள் அன்றைக்குக் கதவோரம் நின்று சிரித்தாள். உதடு பிரியாமல் சிரித்தாள். அடக்கமாகச் சிரிக்கிறாள் என்று அதற்கும் ஒரு பெருமை. இறுகுகிற தோல் சுருக்கத்தை எல்லாம் இழுத்து நீவிவிடும், உதட்டைச் சுற்றிச் சுருக்குப்பை வாய் மாதிரி இழுத்துக் கட்டும், உள்ளே நுரையீரலையும் பிடிக்கும் என்று பிற்பாடு பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நோவுக்கு ஒரு இங்கிலீஷ் பேர் சொன்னார்கள், அது அவர் வாயில் நிற்கவில்லை. நோவைப் பார்த்து அழகு என்று மீசை தடவியவன் பேர் மட்டும் நன்றாக நினைவில் நிற்கிறது.

"இப்ப ஊசிம்மா. வாயத் திறக்க வேண்டாம், மூடியே வைங்க" என்றாள் மெர்லின். வாயை மூடி வைத்தபடியே போடுகிற ஊசியை அவர் இப்போதுதான் பார்க்கிறார். கன்னத்தை ஒரு சின்னக் கரண்டி போன்றதால் ஒதுக்கி, பல் வரிசைக்கும் கன்னத்துக்கும் நடுவே இருந்த இடுக்கு வழியாக ஊசி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இத்தனை நீளமா. துண்டுக்குள் அவள் கை அசையவில்லை. இதற்கு முன்னால் போன இடங்களில் எல்லாம், அம்மா நல்லா திறங்க, இன்னும் திறங்க, இன்னும், என்று சொல்லிச் சொல்லி, அவளும் கழுத்து நரம்பு புடைக்கத் திறக்கப் பார்த்து, கடைசியில், வாய் திறக்கலைன்னா நாங்க என்ன செய்ய முடியும் என்று கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார்கள். மூன்றாவது இடத்தில் திருமூர்த்தி மேஜையைத் தட்டிவிட்டார். திறக்கிற வாய்க்கு வைத்தியம் பார்க்க நீ எதுக்குடா, எங்க ஊர் கம்பவுண்டர் போதுமே என்று கேட்டுவிட்டார். அவள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள், வழியெல்லாம், "அந்தப் பையன் என்னங் பண்ணுவான், என்ற வாய் அப்படி" என்று அவனுக்குப் பரிந்து பேசினாள். மெர்லின் ஒருத்திதான் முதல் நாள் திற என்றே சொல்லவில்லை. முதலில் அவள் கையைத்தான் வாங்கிப் பார்த்தாள். இந்தக் கையால எப்படிம்மா பல் தேய்க்கறீங்க என்று கேட்டாள். அந்தக் கேள்வியை வீட்டில் ஒருத்தரும் கேட்டிருக்கவில்லை. விரல் மடங்காத கையில் பிரஷ் நிற்காது, நின்றாலும் அந்த வாய்க்குள் அது திரும்பாது, விரலால் பல்பொடியை முன்பல்லில் தொட்டுத் தடவிவிட்டு வாய் கொப்பளித்திருக்கிறாள், கடைவாய் அத்தனையும் சொத்தை. கைக்குழந்தைகளுக்கு உள்ள பிரஷை மெர்லின் எழுதிக் கொடுத்தாள், பிடி தடிமனாக இருந்தால் நல்லது என்றாள். அன்று சாயங்காலமே சைக்கிள் கடையில் ஹேண்டில்பார் ரப்பர் ஒன்று வாங்கி, அதற்குள் அந்தப் பிரஷைச் சொருகித் துணி வைத்து இறுக்கினார். அவள் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மணி ஒண்ணு வச்சுக் குடுத்திருந்தா அடிச்சுட்டே தேச்சுருப்பேனுங்" என்றாள். மூன்று நாளில் ஒரு சிவப்பு மணி வாங்கிக்கொண்டுபோய் நிலைப்படியில் மாட்டினார். அதை எதற்கு மாட்டினார் என்று அவருக்கே விளங்கவில்லை.

மரத்துப்போக நேரம் கொடுக்க வேண்டும் என்று மெர்லின் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மரத்துப்போவது. நல்ல விஷயம்தான் அது, அவருக்கும் ஒரு ஊசி போட்டால் தேவலை. சொத்தைப் பல் சீழ் கோத்து இரண்டு தடவை கன்னம் வீங்கிவிட்டது, மாத்திரையில் அடக்கி அடக்கி வைத்திருக்கிறார்கள், இனி அது கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக்கே ஆபத்து. இன்றைக்கு இப்படிப் படுக்கவைத்து எடுக்க முடிந்தால் ஆச்சு. முடியாவிட்டால் உதட்டோரத்தை வெட்டி வழி பண்ணி, முழு மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். அவள் நுரையீரல் இருக்கிற நிலைமையில் மயக்க டாக்டர் கையெழுத்துப் போடத் தயங்குகிறார். இதை மெர்லின் அவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லவில்லை, அவளையும் வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும்தான் சொன்னாள். அன்றைக்கு அவர் பேரம் பேசினார். பேசாமல் எப்படி இருப்பார். பல்லுக்கு வழி வேண்டுமென்றால் வாய் இன்னும் கொஞ்சம் திறந்தாக வேண்டும், இப்போது ஐஸ் குச்சி ஒன்பதை அடுக்கி வைத்த அகலம்தான் திறக்கிறது, குறைந்தது பன்னிரண்டு வேண்டும், தினமும் மூன்று வேளை குச்சியை அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்துப் பழக்கினால் ஆறு வாரத்தில் வரும், என்றாள். ஆறு வாரமா, மூணு வாரத்துல முடிங்க டாக்டரம்மா. முடியாதுங்கய்யா. சரி, உங்க பேச்சும் வேண்டாம், என்ற பேச்சும் வேண்டாம், நாலு. மெர்லின் சிரித்துவிட்டாள். "தோலோட பேசிப் பாருங்க ஐயா. அது நாலுன்னு ஒத்துக்கிட்டா எனக்கும் சம்மதம்" என்றாள். தோலோடு பேசிப் பார்த்தார். அதுதான் அவர் செய்த காரியம். பத்தாவது குச்சி சுலபமாகப் போனதும், இறங்கி வருது, விடாதே என்று சந்தைப் புத்தி சொன்னது. எதிராளி ஒரு படி இறங்கினால் மூச்சு விட இடம் கொடுக்காமல் இன்னும் இரண்டு படி அமுக்குவதுதான் அவர் தொழில். இரண்டு குச்சியைச் சேர்த்து நடுவில் சொருகி அமுக்கினார். வாய்க்கோடி கிழிந்தது. ரத்தம் தாடையில் இறங்கி ரவிக்கையில் சொட்டியது. அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டு, கையைத் தூக்கி அவர் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டி, "வெத்தல போட்டாப்புல இருக்குதுங்" என்றாள். அழுதிருக்கலாம். அடித்திருக்கலாம். ஏண்டா பாவி என்று கேட்டிருக்கலாம். புண் ஆற இருபது நாள், மறுபடி எட்டுக் குச்சியிலிருந்து. ஆறு வாரம் என்றது பத்து வாரமாக ஆயிற்று. அதற்கப்புறம் குச்சிகளை அவரே வெந்நீரில் போட்டு எடுத்து, எவர்சில்வர் டம்ளரில் நிறுத்தி, அவள் உதட்டோரத்தில் நெய் தொட்டுவைத்து, ஒவ்வொன்றாக, ஒரு குச்சிக்கு ஒன்பது நாள் என்று, கன்றுக்குட்டிக்குப் பால் புகட்டுகிற பதனத்தோடு வைத்துக்கொடுத்தார். ஒவ்வொரு வேளையும் பத்து நிமிஷம் இருவரும் எதிரெதிரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். அவளால் பேச முடியாது. அவள் கண்ணை இத்தனை நேரம் அவர் கல்யாணமான புதிதில்கூடப் பார்த்ததில்லை. வலது கண்ணின் வெள்ளையில் ஒரு சின்ன மச்சம் இருக்கிறது. இருபத்தெட்டு வருஷம் கழித்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்.

இயந்திரம் கிய்யென்று கிளம்பியது. குழந்தைகளுக்கு உள்ள சின்னத் தலைதான் அதுவும், கண்ணாடியும் பட்டாணி அளவுக் கண்ணாடி. பல்லை நடுவில் பிளந்து இரண்டு பாதியாக எடுக்கப்போவதாக முன்னமே சொல்லியிருந்தாள், முழுசாக வர அங்கே வாசல் இல்லை. கன்னப் பக்கமாகவே உள்ளே போனாள் மெர்லின். அவளுக்கும் அது முதுகு உடைகிற வேலை, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கழுத்தைத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. "இருபது நிமிஷந்தாம்மா உங்க தாடை தாங்கும். நடுவுல மூடிட்டா மறுபடி இவ்வளவு திறக்காது. அதனால நிறுத்தாம போறேன், சரியா?" அவள் ம் என்றாள். கொஞ்ச நேரம் போனது. "வலிக்குதாம்மா?" ம்ஹும் என்றாள். இன்னும் கொஞ்சம். "வலிச்சா சொல்லிருங்க." ம்ஹும். அப்போதுதான் துண்டுக்குள் அவர் கை கண்டுகொண்டது. கேட்கவே வேண்டியதில்லை அந்தக் கைக்கு. துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து, வாய் பேசாமல் விலை பேசுகிறதுதானே சந்தைத் தரகர்கள் வழக்கம், சுற்றி நிற்கிற நூறு பேருக்குத் தெரியாமல் இரண்டு கை பேசிக்கொள்ளும். முப்பது வருஷம் பிடித்த விரல்களில் அவர் கற்றது விலை மட்டுமில்லை. முகம் சிரிக்கும், வாய் சளைக்காமல் பேசும், ஆனால் இதற்குமேல் தாங்காது என்ற இடம் வரும்போது மனுஷனுக்குக் கட்டைவிரல் உள்ளே மடங்கும். எவனாலும் அதை மறைக்க முடிந்ததில்லை. மடங்காத அவள் கையில், அந்த இறுகிப்போன கட்டையில், பெருவிரல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டு வந்தது. ம்ஹும் என்கிறாள். பொய். நிறுத்தினால் தாடை மூடிக்கொள்ளும், பிறகு திறக்காது, பிறகு மயக்கம், அந்த மயக்க டாக்டரின் முகம். நிறுத்தாவிட்டால் இவள் செத்தாலும் ம்ஹும் என்றுதான் சொல்வாள். எங்கே பழகினாள் இந்த ம்ஹும். எங்கே பழகினாள் என்று தெரியாதா உனக்கு. அந்த வியாழக்கிழமை. பேசி முடித்த காளைச் சோடி கைவிட்டுப்போன வியாழக்கிழமை, செருப்பைக் கழற்றுமுன் அவள் சொம்புத் தண்ணியோடு வந்து, "வாய் ஒருமாதிரி இழுத்துப் புடிக்குதுங், ரெண்டு மாசமாவே" என்றாள். சொன்னாள். சொல்லித்தான் இருக்கிறாள். "வாய மூடிட்டு இருந்தா இழுக்காது, போ" என்று சொம்பைத் தட்டிவிட்டார். தண்ணி வாசல்வரைக்கும் ஓடியது. அவள் துணியைக் கொண்டுவந்து துடைத்தாள். அதோடு அவள் பேச்சு நின்றது. தட்டு அடுப்படிக்குள் போனது. மூன்று வருஷமாக அவள் மறைத்தாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவர், அவள் சொன்ன அந்த ஒரு நாளைத் தனக்கே மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். பெருவிரல் முழுக்க உள்ளே போய்விட்டது. மற்ற நாலு விரலும் அதன்மேல் மூடப் பார்த்து முடியாமல் நின்றன.

"டாக்டரம்மா, நிறுத்துங்க. நோவுது அவளுக்கு. பொய் சொல்றா."

இயந்திரம் நின்றது. நர்ஸ் பெண் அவரை முறைத்தாள். மெர்லின் அவரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தாள். "அப்படியாம்மா?" அவள் கண்ணை மூடிக்கொண்டாள், மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணி காதுப் பக்கம் வழிந்தது. மெர்லின் ஒரு கூரான கம்பியால் ஈறைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "பின் பக்கம் மரக்கவே இல்ல. சீழ் இருந்தா இப்படித்தான், மருந்து ஏறாது. எப்படித் தாங்குனீங்க இவ்வளவு நேரம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இன்னொரு ஊசி போட்டாள். குச்சி அடுக்கை எடுத்து அவளுடைய மறுபக்கத்துப் பல்லிடுக்கில் வைத்து, "மூடாம இதைக் கடிச்சுட்டு இருங்க, தாடைக்குக் கொஞ்சம் ஓய்வு, இடமும் போகாது" என்றாள். இது முன்னாலேயே தோன்றியிருக்கக் கூடாதா இந்த டாக்டரம்மாவுக்கு என்று கோபம் வந்தது, வந்த வேகத்திலேயே போனது, அவளுக்குத் தோன்றியதே பெரிசு. திருமூர்த்தி எழுந்தார். பேசினால் வெளியே என்றுதானே பேச்சு, கொடுத்த வாக்கு. "நான் போறனுங்" என்றார். கையை உருவப் பார்த்தார். வரவில்லை. மடங்க மாட்டாத அந்த விரல்கள் எப்படியோ அவருடைய சுண்டுவிரலைக் கொக்கி போட்டுப் பிடித்திருந்தன. மெர்லின் துண்டைப் பார்த்தாள், துண்டுக்குள் நடக்கிறதைப் பார்த்தவள் மாதிரி. "உட்காருங்க ஐயா. அம்மா வாயால சொல்ல மாட்டாங்க போல. நீங்க சொல்லுங்க. அவங்க கை சொல்றத எனக்கு அப்பப்ப சொல்லிட்டே இருங்க." அப்புறம் அந்த அறையில் பேசியது அவர் ஒருவர்தான். இப்ப பரவால்லீங்க. போலாமுங்க. கொஞ்சம் மெதுவா. ம், இறுக்கறா, பொறுங்க. விட்டுட்டா, இப்பப் போங்க. வாழ்நாளில் இவ்வளவு தணிந்த குரலில் இவ்வளவு நேரம் அவர் பேசியதில்லை. கிணற்றில் இறங்கியவனுக்கு மேலேயிருந்து கயிறு விடுகிறவன் பேசுகிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக விட்டார். முதல் பாதி வந்து எஃகுத் தட்டில் டிக்கென்று விழுந்தது. இரண்டாவது பாதி வர மனசில்லாமல் அரை மணிபோல் அழிச்சாட்டியம் செய்தது, கடிகாரத்தில் பார்த்தால் ஆறு நிமிஷம். அதுவும் விழுந்தது. கறுத்துப்போன ஒரு அற்பம். வாய்க்கோடி கிழியவில்லை. மெர்லின் முகமூடியை இறக்கிவிட்டு முதுகை நிமிர்த்தினாள், "எனக்கு இன்னிக்குச் சாப்பாடு இறங்கும்" என்றாள்.

வெளி வராந்தாவில் மர பெஞ்சில் அவளை உட்காரவைத்தார். கடைவாயில் பஞ்சு, ஒரு மணி நேரத்துக்குப் பேசக் கூடாது, துப்பக் கூடாது. வெயில் காலடியில் வந்து விழுந்தது. அவள் விரல் நுனிகளில் மெல்லச் சிவப்பு திரும்பிக்கொண்டிருந்தது. அவர் அந்த விரல்களை ஒவ்வொன்றாக ஊதி ஊதித் தேய்த்துக்கொண்டிருந்தார், போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள், பார்த்தால் என்ன. அவள் அவரை உற்றுப் பார்த்தாள். வலது கண்ணில் அந்த மச்சம். என்ன என்று புருவத்தைத் தூக்கினாள். அவருக்குத் தொண்டையில் இருந்த ஒரு கூடைப் பேச்சில் மிச்சம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது மேலே வர இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது. "அந்த வியாழக்கிழம நீ சொன்ன. சொம்புத் தண்ணியோட வந்து சொன்ன. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குது" என்றார். அவள் கண் மட்டும் நிறைந்தது. "ஆனா ஒரு தடவ சொல்லிட்டு விட்டுட்டயே அம்மிணி. அது உன்ற தப்புத்தான், அதுல பேச்சில்ல. நான் தட்டிவிட்டா நீ மறுபடி வந்து நின்னிருக்கோணும். சொம்பு இன்னொண்ணு இல்லயா வீட்டுல. நான் ஒண்ணு கத்துனா நீ ரெண்டு கத்தியிருக்கோணும். நீ பண்ணுன இந்த வேலைய நீதான் சரி பண்ணோணும், வேற யாரு பண்ணுவா. ஒரு மணி நேரத்துல பஞ்ச எடுத்துருவாங்க. எடுத்ததும் ஆரம்பி. மூணு வருசத்துக்கும் சேத்துத் திட்டு, ஒண்ணு விடாம. வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்னு வச்சுக்காத, நீ மறந்துருவ, இல்லாட்டி எனக்குப் பாவம் பாப்ப. பஸ்ஸுல ஏறுனதும் ஆரம்பிச்சுரு. நாலு பேர் திரும்பிப் பாத்தாப் பாக்கட்டும். பாதி வழி போயி, கிணத்துக்கடவு தாண்டற வரைக்கும் நிறுத்தக் கூடாது, சொல்லிட்டேன்."